உயரும் வண்டியும் அதிரும் தண்டும்

(தோட்டப்புற மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழை பெய்து செம்மண் பாதை சேறாகிவிட்டால், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வாகனமே நமக்குத் துணை. பாலும் உரமும் அதில் செல்கின்றன. இரவில் ஒருவர் நோயுற்றால் அவரைச் சாலைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. அத்தகைய வாகனத்தைச் சிறிது உயர்த்திக்கொண்டால் பள்ளமும் மேடும் எளிதாகும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் 5 சென்டிமீட்டர் உயர்த்திய சில நாட்களிலேயே தரைத்தகடு நடுங்குவதும், அடியிலிருந்து ஒருவித உறுமல் எழுவதும் உண்டு. இந்நடுக்கம் ஏன் பிறக்கிறது, அதனை வராமல் தடுப்பது எவ்வாறு என்பனவற்றையே இன்று ஆராய்வோம்.

உயரம் எதற்கு?

முதலில் ஓர் உண்மையைத் தெளிந்துகொள்வோம். வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தாலும், வளைவு மிகுந்த புதிய வில்களைப் பொருத்தினாலும், உயர்வது வண்டியின் உடல் மட்டுமே. பின்னச்சின் நடுவில் உருண்டு தொங்கும் டிபரன்ஷியல் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் இடிபடுவது அப்பெட்டியானால், வில்லை உயர்த்துவதால் பயனில்லை. பெரிய டயர் ஒன்றே அதனை உயர்த்தும். பெரிய டயர் மேல்தகட்டில் உராயாதிருக்க இடம் வேண்டும் என்பதும், வண்டியின் அடிச்சட்டம் மேட்டில் தட்டுகிறது என்பதும் உயர்த்துவதற்குத் தக்க காரணங்களாகும். காரணம் இல்லாத உயரம், சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பையே மிகுவிக்கும்.

நடுக்கம் பிறக்கும் விதம்

இயந்திரத்தின் விசையைப் பின்னச்சிற்குக் கொண்டு செல்வது, பட்டறையில் ‘ஷாப்ட்’ என வழங்கும் நீண்ட சுழல்தண்டாகும். அதன் இரு முனைகளிலும் ‘யூ ஜாயின்ட்’ எனப்படும் மூட்டுகள் உள்ளன. தண்டு சாய்ந்திருந்தாலும் விசை தடையின்றிச் செல்வதற்கு இம்மூட்டுகளே உதவுகின்றன.

எனினும் இம்மூட்டிற்கு ஓர் இயல்பு உண்டு. சாய்ந்த நிலையில் அது சீரான வேகத்தைச் சீராகக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து, இருமுறை தயங்கும். நிமிடத்திற்கு 2,000 சுற்று சுழலும் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூட்டின் சாய்வு 5 பாகை எனில், மறுபுறத்தின் வேகம் 1,992க்கும் 2,008க்கும் இடையே ஊசலாடும். சாய்வு 10 பாகையானால், 1,970க்கும் 2,031க்கும் இடையே ஊசலாடும். 20 பாகையிலோ 1,879க்கும் 2,128க்கும் இடையே அலைக்கழியும். சாய்வு இரு மடங்கானால் ஊசலாட்டம் ஏறக்குறைய நான்கு மடங்காவதைக் காண்கிறோம்.

அப்படியாயின் எல்லா வண்டிகளும் அதிர வேண்டுமே என்று கேட்கலாம். காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்தவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். இருபுறமும் ஒத்த பாரம் இருந்தால் கம்பு தோளில் அமைதியாக நிற்கும். அதுபோலவே, முன்மூட்டு உண்டாக்கும் ஊசலாட்டத்தைப் பின்மூட்டு எதிர்நின்று நீக்குகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு மூட்டுகளின் சாய்வும் சமமாக இருத்தல் வேண்டும். தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்றல் வேண்டும். வண்டியை உயர்த்தும்போது முதல் நிபந்தனை கெடக்கூடும். தண்டைக் கழற்றிப் பிரித்து மாட்டும்போது இரண்டாவது கெடக்கூடும்.

நோய் எங்கே உள்ளது?

நடுக்கம் கண்டவுடன் தண்டின்மீது பழி சுமத்தலாகாது. உயர்த்தும்போது பெரிய டயரும் மாட்டியிருந்தால், குற்றம் டயரின் சமநிலையில் இருக்கலாம். ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரம், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குப் பத்து முறை சுற்றும். டிபரன்ஷியலின் பல் விகிதம் நான்கு எனில், தண்டு நாற்பது முறை சுற்றும். மூட்டுச் சாய்வினால் வரும் அதிர்வோ சுற்றுக்கு இருமுறையாதலால், வினாடிக்கு எண்பது முறை எழும்.

ஆகவே, ஸ்டீயரிங்கைப் பிடித்த கை ஆடுமாறு மெதுவாகக் குலுக்கினால் சக்கரங்களை முதலில் பார்க்க வேண்டும். தேனீக் கூட்டம் போல் காலடியில் விரைந்து நடுங்கினால் தண்டைப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மிகுந்து, காலை எடுத்ததும் மாறும் நடுக்கம் பெரும்பாலும் சாய்வுக் கோளாறே. அழுத்தினாலும் எடுத்தாலும் ஒரே வேகத்தில் ஒரே அளவாகத் தோன்றுவது, தண்டு சமநிலை இழந்ததைக் காட்டும். தண்டில் அப்பிக் காய்ந்த சேறுகூட இதற்குக் காரணமாகலாம். முதலில் கழுவிப் பார்ப்பது நன்று. புறப்படும்போது ‘டக்’ என ஒலித்தால், தேய்ந்த மூட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம்.

சீர்செய்யும் முறை

உயர்த்துவதற்கு முன்பே சாய்வுகளை அளந்து குறித்துக்கொள்வதே முதற்பாடம். வண்டி சமதரையில், தன் பாரம் முழுவதும் சக்கரங்களில் நிற்கும் நிலையில், சாய்வுமானி கொண்டு அளத்தல் வேண்டும். உயர்த்திய பின்னர் மீண்டும் அளந்து ஒப்பிட வேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. உயர்த்தியவுடன் ஆப்பு வடிவத் தகடுகளை வைத்து, டிபரன்ஷியலின் மூக்கை மேல்நோக்கித் திருப்பிவிடுவர். இது எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது. இரு முனைகளிலும் ஒற்றை மூட்டுள்ள தண்டாயின், டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்து வெளிவரும் அச்சும், டிபரன்ஷியலுள் நுழையும் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருத்தல் வேண்டும். உயர்த்திய பின்னும் அவை இணையாகவே இருந்தால் ஆப்பு தேவையில்லை. வைத்தால் இல்லாத நடுக்கத்தை வரவழைத்துக்கொள்வோம். இணை கெட்டிருந்தால் மட்டும், கெட்ட அளவிற்கேற்ற இரும்பு ஆப்பை வில்லுக்கும் அச்சுக்கும் இடையே வைத்துச் சரிசெய்யலாம்.

டிரான்ஸ்பர் பெட்டியின் பக்கம் இரட்டை மூட்டு உள்ள தண்டுகளும் உண்டு. இவற்றின் முறை வேறு. இரட்டை மூட்டு தன் ஊசலாட்டத்தைத் தானே பெரும்பாலும் நீக்கிக்கொள்வதால், டிபரன்ஷியலின் மூக்கு தண்டை நேராக நோக்கியிருத்தல் வேண்டும். பாரம் இழுக்கும்போது மூக்கு சற்று மேலெழும் என்பதால், ஓரிரு பாகை தாழ்த்தி வைப்பது வழக்கம்.

நீண்ட பிக்கப் வண்டிகளில் தண்டு இரு துண்டுகளாகப் பிரிந்து, நடுவில் ஒரு பேரிங் தாங்கியில் தொங்கும். அத்தகைய வண்டிகளில், அத்தாங்கியைச் சிறு இடைத்தகடுகள் வைத்துத் தாழ்த்துவதால் சாய்வுகள் மீண்டும் ஒழுங்குபடும்.

தண்டின் நீளத்தையும் மறத்தலாகாது. வண்டி உயர்ந்தால் தண்டு நீள வேண்டும். அதன் வழுக்கு மூட்டு ஒன்றுக்குள் ஒன்று போதிய அளவு பொருந்தியிருக்கிறதா, அச்சு முழுவதும் கீழே தொங்கும்போது பிரேக் குழாய் விறைத்து இழுபடுகிறதா என்று பார்த்தல் வேண்டும். தண்டைப் பிரிக்குமுன் இரு பகுதிகளிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டுவைத்தால், கவைகள் பிறழாமல் திரும்ப மாட்டலாம். ஓர் ஊசிப் பல் தவறினாலும் நடுக்கம் வரும்.

இவ்வளவும் செய்த பின்னும் சாய்வு பெரிதாக இருந்தால் மூட்டுகள் விரைவில் தேயும். ஏனெனில் இரு முனைகளும் சமமாயினும் நடுத்தண்டு ஊசலாடியவாறே இருக்கும். எனவே வேண்டிய அளவிற்கு மேல் உயர்த்தாமையே சிறந்த மருந்து.

உயிர்க்காப்பு

அன்பர்களே, நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டலாம் என்று எண்ணுதல் தவறு. தேய்ந்த மூட்டு ஓட்டத்தில் முறிந்தால், முன்முனை அறுந்த தண்டு தரையில் குத்தி வண்டியையே தூக்கியெறியக்கூடும். பின்னால் அமர்ந்திருப்போர் நம் உறவினர்களல்லவா?

பழுது பார்க்கும்போதும் ஆபத்து காத்திருக்கிறது. பழைய லேண்ட் ரோவர் போன்ற சில வண்டிகளில், கைபிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் உள்ளது. அது தண்டின் வழியாகவே சக்கரத்தைப் பிடிக்கிறது. தண்டைக் கழற்றிய கணமே கைபிரேக்கின் பிடி பின்சக்கரங்களை விட்டு அகலும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினாலும், டிபரன்ஷியல் இடங்கொடுப்பதால் வண்டி உருளக்கூடும். ஆதலால் எந்த வண்டியானாலும் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்னரே அடியில் செல்லுதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்கலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

தோட்டத்து வாகனமாயின் நிர்வாகத்தின் அனுமதியின்றி உயர்த்துதல் கூடாது. சொந்த வண்டியாயின், சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் விதிகளை முன்னரே கேட்டறிந்து, உரிய அனுமதி பெறுதல் வேண்டும். வேலை முடிந்த முதல் வாரத்திலேயே வில்லைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை மீண்டும் முடுக்குவதும், கையேட்டில் கூறிய காலத்தில் மூட்டுகளுக்குக் கிரீஸ் இடுவதும் நம் கடமைகளாகும்.

அளந்து உயர்த்துவோம், உயர்த்திய பின்னும் அளப்போம். மழைக்காலப் பாதையில் நம் மக்களை ஏற்றிச் செல்லும் வண்டி, அவர்களைப் பத்திரமாக இல்லம் சேர்க்கட்டும்.