ஆணா பெண்ணா: தீர்மானிப்பது யார்?



தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துகின்ற நமக்குப் பிள்ளைகள் கொண்டு வருகின்ற கேள்விகள் எல்லாம் பாடநூலிலிருந்து வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, நான்காம் ஆண்டில் படித்த ஒரு சிறுமி வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருந்தாள். காரணம் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் நின்றவள், பிறகு அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மாவுக்குப் பாப்பா பொறக்கப் போவுது சார். இந்தத் தடவையும் பொம்பளப் புள்ளைன்னா அம்மாவ அவங்க வீட்டுக்கே அனுப்பிடுவேன்னு பாட்டி சொல்லுது." அந்தச் சிறுமிக்கு ஏற்கெனவே இரண்டு தங்கைகள். மூன்று பெண்களைப் பெற்ற தாய், நான்காவது பிள்ளையைச் சுமந்துகொண்டு அதிகாலையில் செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதை எது தீர்மானிக்கிறது? இந்தக் கேள்விக்கு மனிதன் சொல்லிப் பார்த்த விடைகள் ஏராளம். கிரேக்க நாட்டு அறிஞர் அனக்ஸகோரஸ், தந்தையின் வலப்பக்கத்திலிருந்து வந்தால் ஆண், இடப்பக்கத்திலிருந்து வந்தால் பெண் என்றார். அவருக்குப் பின் வந்த அரிஸ்டாட்டில், தந்தையின் உடற்சூடு போதாவிட்டால் பெண் பிறக்கும் என்று கருதினார். வடகாற்று வீசும்போது கூடும் ஆடுகள் கிடாய்க் குட்டி ஈனும் என்று இடையர்கள் சொன்னதையும் எழுதி வைத்தார். நம் பக்கம் திரும்பினாலும் இதே வலமும் இடமும்தான். மூச்சு வலப்புறம் ஓடினால் ஆண், இடப்புறம் ஓடினால் பெண் என்ற கருத்து திருமந்திரத்தில் இருக்கிறது. ஆண் பிள்ளை வேண்டுவோர் ஆலமொட்டை இடித்துப் பாலில் கலந்து தாயின் வலது நாசியில் விட வேண்டும் என்று சுசுருதரின் மருத்துவ நூல் கூறுகிறது. இரட்டைப்படை இரவுகளில் கூடினால் ஆண், ஒற்றைப்படை இரவுகளில் கூடினால் பெண் என்கிறது மனுநூல். கிரேக்கரும் நம்மவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களோ இல்லையோ, வலப்பக்கம் உயர்ந்தது, ஆண் உயர்ந்தவன், ஆகவே ஆண் வலப்பக்கம் என்று இரு சாராரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

நம் தோட்டங்களில் வழங்கும் அடையாளங்களை நேயர்கள் அறிவீர்கள். வயிறு கூராக இருந்தால் இது, அகலமாக இருந்தால் அது. முகம் பொலிந்தால் இது, வாடினால் அது. புளிப்புக் கேட்டால் ஒன்று, இனிப்புக் கேட்டால் மற்றொன்று. அடுத்த லயத்தில் கேட்டால் இதையே தலைகீழாகச் சொல்வார்கள்.

இந்தக் கேள்விக்கு உறுதியான விடை 1905-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதைக் கண்டவர்களில் ஒருவர் நம்மைப் போல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். அமெரிக்காவைச் சேர்ந்த நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையார், ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, முப்பத்தைந்து வயதில்தான் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கினார். அவர் ஆராய்ந்தது ஒரு மாவுப்புழு. பறவை வளர்ப்போர் கடையில் வாங்கித் தீனியாகப் போடுகிறார்களே, அந்தப் புழுதான். வளர்ந்தால் சிறு கருவண்டு ஆகும். அதன் உயிரணுக்களை உருப்பெருக்கியில் பார்த்தபோது, பெண் வண்டில் குரோமோசோம் என்னும் மரபிழைகள் இருபதும் பெரியவையாக இருந்தன. ஆண் வண்டில் பத்தொன்பது பெரியவை. ஒன்று மட்டும் மிகச் சிறியது. அந்தச் சிறியதை ஏந்திய விந்தணு முட்டையோடு சேர்ந்தால் ஆண், பெரியதை ஏந்திய விந்தணு சேர்ந்தால் பெண் என்று அவர் முடிவு கட்டினார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்பவரும் வேறு பூச்சிகளை ஆராய்ந்து இதை ஒத்த முடிவுக்கு வந்தார். பேராசிரியராக இருந்த வில்சனின் பெயர் பரவிய அளவுக்கு அந்த ஆசிரியையின் பெயர் பரவவில்லை. அவர் 1912-இல் காலமானார்.

மனித உடலிலும் நடப்பது இதுவே. மனிதனுக்கு மரபிழைகள் நாற்பத்தாறு, அதாவது இருபத்து மூன்று இணைகள். இந்தத் தொகையைச் சரியாக எண்ணிச் சொன்னவர் நமக்கு அண்டை நாடாகிய இந்தோனேசியாவில், ஜாவாத் தீவில் பிறந்த ஜோ ஹின் சியோ. சுவீடனில் ஆல்பர்ட் லெவான் என்பவருடன் சேர்ந்து 1956-இல் அதை வெளியிட்டார். அதுவரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாற்பத்தெட்டு என்றே பாடநூல்கள் எழுதி வந்தன. நூலில் அச்சாகிவிட்டது என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அந்த இருபத்து மூன்று இணைகளில் ஓர் இணைதான் பாலைத் தீர்மானிப்பது. தாயிடம் அந்த இணை எக்ஸ், எக்ஸ். தந்தையிடம் எக்ஸ், ஒய். தாயின் கருமுட்டை ஒவ்வொன்றிலும் எக்ஸ் மட்டுமே இருக்கும். அவரிடம் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. தந்தையின் விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்ஸையும், பாதி ஒய்யையும் ஏந்தி வருகின்றன. எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். அந்த ஒய்யில் ஆண்மைக்கான கட்டளையைத் தொடங்கி வைக்கும் மரபணுவை லண்டன் அறிவியலாளர்கள் 1990-இல் கண்டுபிடித்தார்கள். மிக அரிதாக இதில் சில மாறுதல்கள் ஏற்படுவதுண்டு. ஆனால் பொதுவாக, கரு உருவாகும் அந்தக் கணத்திலேயே குழந்தையின் மரபுவழிப் பால் முடிவாகிவிடுகிறது. மூன்றாம் மாதத்தில் உண்ணும் எந்த மருந்தும் எக்ஸை ஒய்யாக மாற்றாது.

இதைப் பெற்றோருக்கு விளக்க நாம் ஓர் எளிய முறை வைத்திருக்கிறோம். இரண்டு காலி மைலோ டின்கள். தாயின் டின்னில் இருபது ரப்பர் கொட்டைகள், எதிலும் குறி இல்லை. தந்தையின் டின்னில் இருபது. அவற்றுள் பத்தில் மட்டும் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் கோடு. கண்ணை மூடிக்கொண்டு டின்னுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். கோடு போட்ட கொட்டை வந்தால் ஆண். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, மறுபடியும் எடுக்க வேண்டும். நான்கு முறை எடுத்தால் நான்கும் பெண்ணாக வருவது அதிசயமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாதியில் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. நான்கு பிள்ளைகள் பெற்ற பதினாறு குடும்பங்களை எடுத்துக்கொண்டால், சராசரியாக ஒரு குடும்பத்தில் நான்கும் பெண்ணாகவே இருக்கும். அந்த வீட்டுக்கு எந்தச் சாபமும் இல்லை.

ஒரு சிறு திருத்தம். உலகில் பொதுவாக நூறு பெண் குழந்தைகளுக்கு நூற்றைந்து அளவில் ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. லண்டன் ஞானஸ்நானப் பதிவேடுகளில் தொடர்ந்து 82 ஆண்டுகள் ஆண்களே மிகுதியாக இருந்ததை ஜான் ஆர்பத்நாட் என்பவர் 1710-இலேயே எடுத்துக் காட்டினார். ஆகவே நம் டின் கணக்கு மிகத் துல்லியமானது என்று சொல்லமாட்டோம்.

சரி, இவ்வளவு தெரிந்த பிறகும் பழைய முறைகள் ஏன் சாகவில்லை? ஏனென்றால், எந்த முறையைச் சொன்னாலும் பாதிப் பேருக்குப் பலித்துவிடும். பலித்தவர் ஊரெல்லாம் சொல்வார். பலிக்காதவர் வாயைத் திறக்கமாட்டார். அந்தச் சிறுமியின் வீட்டிலும் ஒரு மருந்துப் பொட்டலம் வந்து சேர்ந்திருந்தது. பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் முந்நூறு வெள்ளிக்கு விற்றாராம். பெண் பிறந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்று உறுதிமொழி வேறு. பார்த்தால் நாணயமான வியாபாரம் போலத் தோன்றும். பத்துக் குடும்பங்கள் வாங்கினால் மூவாயிரம் வெள்ளி. வெறும் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாலும் ஐந்து வீட்டில் ஆண் பிறக்கும். மற்ற ஐந்து வீட்டுக்கும் சொன்னபடி திருப்பிக் கொடுத்தாலும் கையில் ஆயிரத்து ஐந்நூறு நிற்கும். அதையும் கொடுக்காமலிருக்க ஒரு வழி வைத்திருந்தார்: பத்தியம் தவறினால் உறுதிமொழி செல்லாது. பத்தியம் தவறியது யார்? தாய்தான். பெண் பிறந்தால் பணமும் போய், பழியும் அவர் தலையில் விழும்.

பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. இந்தியாவில் ஹரியானா மாநிலத்தில் ஆண் பிள்ளைக்கென்று விற்கப்படும் மருந்துகளை ஆராய்ந்தவர்கள், அவற்றைக் கருவுற்ற காலத்தில் உண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு நேரும் வாய்ப்பு மிகுதியாக இருந்ததென்று 2015-இல் எழுதியிருக்கிறார்கள்.

படித்தவர்களிடமும் இந்த ஆசை இல்லாமலில்லை. வாங்கும் பொட்டலம்தான் வேறு. அமெரிக்க மருத்துவர் லேண்ட்ரம் ஷெட்டில்ஸ் 1970-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒய் ஏந்திய விந்தணு வேகமாக நீந்தும், ஆகவே கருமுட்டை வெளியாகும் நாளை ஒட்டிக் கூடினால் ஆண் பிறக்கும் என்பது அவர் வாதம். நூல் அமோகமாக விற்றது. ஆனால் 1995-இல் 221 பெண்களை நாள்தோறும் கவனித்து நடத்திய ஆய்வில், கூடிய நாளுக்கும் குழந்தையின் பாலுக்கும் தொடர்பு காணப்படவில்லை. தாயின் வயதையும் கருவுற்ற மாதத்தையும் வைத்துப் பார்க்கும் சீன நாள்காட்டி ஒன்று நம் நாட்டில் எல்லா இனத்தவரிடமும் புழங்குகிறது. அதைச் சுவீடன் நாட்டுப் பிறப்புகள் 28 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றோடு ஒப்பிட்டு 2010-இல் முடிவு வெளியிட்டார்கள். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. காலையில் தானிய உணவு உண்ணும் தாய்க்கு ஆண் பிறக்கும் என்று 2008-இல் இங்கிலாந்தில் ஒரு செய்தி வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உணவு வகைகளைச் சோதித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும் என்று கணக்கறிஞர்கள் மறுத்தார்கள்.

ஒரு கருத்தை மட்டும் நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. 'அந்தக் குடும்பத்துக்கே பெண் வாகு' என்கிறோமே, அதில் ஏதும் உண்மை உண்டா? சுவீடனில் 47 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைக் கொண்டு 2020-இல் வெளிவந்த ஆய்வு, ஆண் வாகு பெண் வாகு என எதுவும் பரம்பரையாக வருவதில்லை என்றது. ஆனால் 2025-இல் அமெரிக்காவில் 58,007 தாதியரின் பிள்ளைப்பேற்றை ஆராய்ந்தவர்கள் சற்று வேறு விதமாகச் சொன்னார்கள். மூன்று பெண்களைப் பெற்றவருக்கு நான்காவதும் பெண்ணாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு 58. மூன்று ஆண்களைப் பெற்றவருக்கு நான்காவதும் ஆணாக வருவது 61. சில குடும்பங்களில் காசு ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்கலாம் என்று இதற்குப் பொருள். அதனால் என்ன? சாய்ந்திருந்தாலும் அதை யாரும் கையால் சாய்க்கவில்லை.

இனி அந்தச் சிறுமியின் தந்தையிடம் வருவோம். பள்ளி வாரியக் கூட்டம் முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்து, "இந்த மருந்து வேலை செய்யுமா வாத்தியாரே?" என்று கேட்டார். மேசை மேல் இருந்த இரண்டு டின்களையும் அவர் பக்கம் தள்ளினோம். நாலைந்து முறை எடுத்துப் பார்த்தார். பிறகு ஏதோ சந்தேகம் வந்தவர் போலத் தாயின் டின்னை எடுத்து மேசையில் கவிழ்த்தார். கொட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுல கோடு போட்டது ஒன்னுகூட இல்லையே" என்றார்.

"இல்லைதான்" என்றோம்.

வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தப்பு எம்மேலயா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க நமக்கே பாவமாக இருந்தது. தாயின் மேல் இருந்த பழியை இறக்கித் தந்தையின் தோளில் ஏற்றுவதற்காகவா நாம் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம்? கண்ணை மூடிக்கொண்டுதானே எடுத்தீர்கள், பார்த்து எடுக்க உங்களால் முடிந்ததா என்று கேட்டோம். முடியவில்லை என்று தலையசைத்தார். போகும்போது, "இந்த டின்னு ரெண்டையும் இன்னைக்கு ஒரு ராத்திரி குடுங்க சார், ஆத்தா பாக்கணும்" என்று வாங்கிப் போனார்.

மறுநாள் சிறுமி டின்களைத் திருப்பிக் கொண்டு வந்தாள். பாட்டி தாயின் டின்னை இரண்டு முறை கொட்டிப் பார்த்தாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். மூன்று மாதம் கழித்துப் பிறந்தது பெண் குழந்தை. பத்திய உணவு சமைத்துக் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டியது பாட்டிதான் என்று அந்தச் சிறுமியே வந்து சொன்னாள்.