ஓய்வுக்குப் பின் யாரிடம் திரும்புகிறோம்?



ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் பாட் வொரிஸ்ஹோஃபன் என்றோர் ஊர். உடல்நலம் தேடி வருவோர் அங்கே நாள்கணக்கில் தங்குகிறார்கள். பனித்துளி படர்ந்த புல்லில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். முழங்காலளவு குளிர்ந்த நீரில் கொக்கைப்போலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். எளிய உணவு, மூலிகை, ஒழுங்கான வாழ்வு. இவையே அங்கு மருந்து.

இதற்கு வித்திட்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு. ஏழை நெசவாளரின் மகனான அருள்தந்தை செபஸ்தியான் க்னைப், மாணவராக இருந்தபோது நுரையீரல் நோயால் வாடினார். நீர் மருத்துவம் பற்றிய பழைய நூலொன்றைப் படித்து, 1849இல் கடுங்குளிரில் தன்யூப் ஆற்றில் சில நொடிகள் மூழ்கி எழுந்தார். நலம் பெற்றார், 1852இல் குருவானார். 1855இல் அவ்வூர்க் கன்னியர் மடத்திற்கு ஆன்ம குருவாக வந்தார். நோயாளிகள் தேடி வந்தபோது, தாம் பெற்றதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

அன்பார்ந்தவர்களே, ஓய்வெடுப்பது குற்றமல்ல. களைத்திருந்த சீடர்களை இயேசுவே தனிமையான இடத்திற்கு அழைத்தார். ஆனால் கரையிறங்கியதும், காத்திருந்த கூட்டத்தைக் கண்டு மனமிரங்கினார் (மாற்கு 6).

நாமும் விடுமுறையில் வெளியூர் சென்று புத்துணர்வோடு திரும்புகிறோம். அந்தப் பலம் யாருக்கு? நாள் முழுதும் அடுப்படியில் நிற்கும் தாய்க்கு ஒருநாள் ஓய்வு தந்தோமா? வீட்டிலேயே முடங்கிக் கிடக்கும் பெரியவரைக் கைப்பிடித்துத் தெருமுனைவரை நடத்திச் சென்றோமா? நாம் பெற்ற நலம் இன்னொருவரைச் சேரும்போதுதான் நம் ஓய்வு நிறைவடைகிறது.

இறைவன் நம் உடலையும் உள்ளத்தையும் காப்பாராக. ஆமென்.