உடன் வரும் தோழர்



சோலையார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் மொரப்பூர் ஒரு சிறு நிலையம். அது ஒரு காலத்தில் இரண்டு பாதைகள் கூடிய இடம் என்பதை இன்று அதைக் கடந்து செல்வோரில் பலர் அறியார். 1906-ஆம் ஆண்டில் அங்கிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலமே கொண்ட குறும்பாதை ஒன்று போடப்பட்டது. 1913-இல் அது ஓசூர்வரை நீண்டது. 1941-இல் அந்தப் பாதையை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். பெரிய பாதையோ அன்றும் இன்றும் தன் திசையில் கிடக்கிறது. பழைய கதையில் புதிய பாத்திரத்தைச் சேர்ப்பது பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறும்பாதையே நினைவுக்கு வருகிறது.

அவ்வாறு எண்ண வைத்தவன் ஒரு கல்லூரி மாணவன். ஒரு மாலைப் பொழுதில் நாற்பது பக்கக் கையெழுத்துப் பிரதியுடன் என் வீட்டுக்கு வந்தான். கணினியில் ஆடும் பழைய விளையாட்டு ஒன்றுக்குத் தான் ஒரு துணைப் பாத்திரத்தை எழுதியிருப்பதாகவும், தமிழாசிரியனாக இருந்த நான் அதைப் படித்துக் குறை கூற வேண்டும் என்றும் கேட்டான். "விளையாட்டுக்கு எழுத்து எதற்கப்பா?" என்று கேட்டு என் அறியாமையை நானே வெளிப்படுத்திக் கொண்டேன். அவன் சிரிக்காமல் விளக்கினான்.

கனடா நாட்டு எட்மண்டன் நகரத்தில் இயங்கும் பயோவேர் என்னும் நிறுவனம் உருவாக்கி, 1998-இல் வெளிவந்தது 'பால்டர்ஸ் கேட்' என்ற விளையாட்டு. மந்திரமும் வாட்போரும் நிறைந்த கற்பனை உலகம் அது. ஆடுகிறவர் கதைத் தலைவனாக வேடம் தாங்குகிறார். வழியில் சந்திப்பவர்களில் ஐவர்வரை உடன் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் வெறும் அடியாட்கள் அல்லர். தமக்குள் வாதிடுவார்கள், தலைவனைக் கடிந்துகொள்வார்கள், அவன் நடத்தை பிடிக்காவிட்டால் விட்டுப் போயும் விடுவார்கள். அவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். மூலக்கதை புகழ் பெற்றபின் அதற்கு விரிவுகள் வரும். விரிவில் புதிய துணைவர் வருவர். ஆர்வம் மிக்க இளைஞர் பலர் தாமாகவே இப்படி எழுதிச் சேர்ப்பதும் உண்டாம்.

அந்த விரிவுகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. முதல் கதையின் பகைவன் சரெவோக். தலைவனுக்கு ஒரு வகையில் உடன்பிறப்பு. முதல் கதையின் இறுதியில் தலைவன் கையால் மடிகிறான். 2001-இல் வந்த 'த்ரோன் ஆஃப் பால்' என்ற விரிவில் அவனே மீண்டு வந்து, தலைவனின் உயிரில் ஒரு சிறு பங்கைக் கேட்டுப் பெற்று, துணைவனாகவும் நடக்கலாம். அவன் திருந்துவதும் திருந்தாததும் தலைவன் அவனிடம் பேசும் பேச்சைப் பொறுத்தது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே பாசறையில் தங்கினால் என்ன பேசிக்கொள்வார்கள்? இதை எழுதத் துணிந்தவர்களின் பேனாவுக்கு என் வணக்கம்.

மாணவன் எடுத்துக்கொண்ட இடம் வேறு. முதல் கதைக்கும் 2000-இல் வந்த இரண்டாம் கதைக்கும் இடைப்பட்ட காலத்தை, 2016-இல் பீம்டாக் என்ற நிறுவனம் 'சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர்' என்ற பெயரில் ஒரு விரிவாக்கியது. முன்கதையின் முடிவும் பின்கதையின் தொடக்கமும் ஆடுவோருக்கு மனப்பாடம். நடுவே ஒருவரைப் புகுத்துவது எளிதா? நம் மாணவன் அந்த இடைவெளியில் ஒரு வில்லாளிப் பெண்ணைப் படைத்திருந்தான். அழகாகப் பேசினாள்; தலைவனை மூன்று முறை சாவிலிருந்து மீட்டாள். படித்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இரண்டாம் கதையில் இவள் இல்லையே, எங்கே போனாள்?"

அவன் விழித்தான். அந்த விழிப்பு எனக்குப் பழக்கமானது. ஏனெனில் அது என் கேள்வி அன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னைக் கேட்ட கேள்வி.

அப்போது நான் மொரப்பூருக்கு அருகே ஒரு சிற்றூரில் ஆசிரியன். அவ்வூர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். கூத்து என்பது வியாசர் எழுதியதை அப்படியே ஒப்பிப்பது அன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி கோயில்களில் போர்மன்னன் என்னும் காவலன் நிற்கிறான். முத்தால் ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரரும் நிற்கிறார். வியாச பாரதத்தில் இவர்கள் இல்லை. போர்மன்னனை உறவாக்குவதற்காகப் பாண்டவர்க்கு ஒரு தங்கையையே படைத்து அவனுக்கு மணமுடித்து வைத்தார்கள் நம் மக்கள். வழிப்போக்கனைத் திண்ணையில் வைப்பார்கள். மாப்பிள்ளையை வீட்டுக்குள் அழைத்தாக வேண்டும் அல்லவா!

இந்தத் துணிவில், அபிமன்யுவுக்கு ஓர் இளந்தோழனை எழுதி, கூத்து வாத்தியாரிடம் கொண்டுபோனேன். அவர் எழுதப் படிக்க அதிகம் அறியாதவர். பாரதம் முழுவதும் நாவில் நின்றது. நான் படிக்கப் படிக்கக் கண்மூடிக் கேட்டார். பிறகு, "தம்பி, பையன் நல்லாத்தான் இருக்கான். பதின்மூணாம் நாள் போர்ல இவன் எங்கே?" என்றார்.

பதின்மூன்றாம் நாளில்தான் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் தனியே புகுந்து மாண்டான். தோழனும் உடன் புகுந்தால் 'தனியே' என்ற சொல் பொய்யாகும்; புகாவிட்டால் அவன் கோழை. காய்ச்சலில் படுத்திருந்தான் என்று எழுதிப் பார்த்தேன். "வசதியான காய்ச்சல்" என்றார் வாத்தியார். பன்னிரண்டாம் நாளே அவனைக் கொன்று பார்த்தேன். "ஊர்சனம் அழுகையை மறுநாளைக்குன்னு வச்சிருக்கு, அதை இன்னிக்கே செலவழிச்சிட்டா?" என்றார்.

மூன்றாம் முறை வழி பிறந்தது. வியூகத்தின் வாயிலில் பீமன் முதலியோரை ஜயத்ரதன் தடுத்துவிட்டான் அன்றோ? அவர்களோடு தோழனும் தடுக்கப்பட்டான். பீமனே நுழைய முடியாத வாயிலில் ஒரு சிறுவன் நின்றுபோனது இழுக்கன்று. ஆனால் மாலையில் அருச்சுனன் திரும்பும்போது அவன் உயிரோடு நிற்க வேண்டுமே! அந்த நிற்றல்தான் அவன் கதை என்று அப்போதுதான் விளங்கியது. அவனுக்கு எட்டு வரிகள் எழுதியிருந்தேன். வாத்தியார் ஆறை அடித்துவிட்டார்.

எங்கள் பக்கம் பழைய தகடூர் நாடு. அதியமானுடன் ஒளவையார் இருந்த நாடு. அவன் வாளால் செல்ல முடியாத தொண்டைமான் அவைக்கு அவர் சொல்லால் தூது சென்றார். அதனால்தான் அவர் வெறும் பரிவாரம் அல்லர். துணைவர் என்று வருபவர் தலைவனால் ஆகாத ஒன்றைச் செய்தாக வேண்டும். என் சிறுவன் செய்தது, மாண்டவனால் ஆகாத ஒன்று: மிஞ்சி நின்றான்.

அன்றிரவு அவன் திரைக்கு முன் வந்து தலைகவிழ்ந்து நின்றபோது, முன்வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி எழுந்து, "நீ மட்டும் ஏண்டா திரும்பி வந்தே?" என்று அலறினாள். வேடம் கட்டிய பையன் தனக்கிருந்த இரண்டு வரியையும் மறந்து உண்மையாகவே அழுதுவிட்டான். முகவீணைக்காரர்தான் நிலைமையைக் காப்பாற்றினார்.

அடுத்த ஆண்டு அந்த வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அவனில்லாமலே கூத்து நடந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கு மட்டும் சற்று வலித்தது.

இவற்றையெல்லாம் மாணவனிடம் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து, நாற்பது பக்கம் இருபத்தாறாகக் குறைந்து வந்தது. வில்லாளிப் பெண் இப்போது தலைவனை ஒரே முறைதான் காப்பாற்றுகிறாள். முற்றுகை முடிந்தபின், நடக்க இயலாத காயம்பட்டோரைத் தலைவன் விட்டுச் செல்ல நேர்கிறது. அவள் அவர்களோடு தங்கிவிடுகிறாள். "நீங்கள் போங்கள்" என்பதைத் தவிர அந்த இடத்தில் அவளுக்குப் பேச்சில்லை. நன்றாக வந்திருக்கிறது என்றேன். இன்னும் ஓர் ஐயம் இருந்தது. விளையாட்டில் துணைவரைச் சேர்ப்பதும் விடுவதும் ஆடுபவர் விருப்பம் அல்லவா?

"யாருமே அவளைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால்?" என்று கேட்டேன்.

"முதல் விடுதியின் வாசலில் அம்புக்கு இறகு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஐயா" என்றான்.