மவுண்ட் ரோடு யாருடையது?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம்மில் பலர் சென்னைக்குப் போயிருக்கிறோம். மாநாட்டுக்குப் போயிருக்கிறோம், ஊர்வலத்துக்குப் போயிருக்கிறோம், கோட்டையில் மனுக் கொடுக்கப் போயிருக்கிறோம். அங்கே ஒரு பெரிய சாலையைக் கண்டிருக்கிறோம். 1969இல் அறிஞர் அண்ணா மறைந்த பின் அது அண்ணா சாலை ஆயிற்று. அதற்கு முன் அது மவுண்ட் ரோடு. இப்போதும் நம் பெரியவர்கள் வாயில் அந்தப் பெயர்தான் வருகிறது. அந்தச் சாலையின் கதை நம்முடைய கதையும்கூட.

கடலோரத்தில் வெள்ளைக் கம்பெனியின் கோட்டை. தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் பரங்கிமலை. அங்கே மாதா கோயில் இருந்தது. பிற்பாடு கம்பெனியின் பட்டாளமும் வந்து தங்கியது. இந்த இரண்டையும் இணைத்த வழிதான் மவுண்ட் ரோடு. நடுவில் அடையாறு குறுக்கிட்டது. 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் பணத்தில் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். அதைக் கல்வெட்டு சொல்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் கல் சுமந்தவன் பெயரும், தண்ணீரில் நின்று கடைக்கால் தோண்டியவன் பெயரும் எந்தக் கல்லில் இருக்கின்றன?

அதே சாலையில் இன்னொருவனுக்கு வெள்ளைக்காரன் சிலையே வைத்தான். அவன் கர்னல் நீல். 1857இல் மக்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தபோது, சென்னையிலிருந்து படையோடு வடக்கே போனவன். அலகாபாத்திலும் கான்பூரிலும் விசாரணை என்று பெயருக்குக்கூட இல்லாமல் மக்களைத் தூக்கில் தொங்கவிட்டவன். அதே ஆண்டு லக்னோவில் மக்கள் படையின் குண்டுக்கு மாண்டான். அந்தக் கொலைகாரனுக்குத்தான் ஸ்பென்சர் கடை அருகே சிலை!

1927 ஆகஸ்டில் தொண்டர்கள் புறப்பட்டார்கள். மதுரையிலிருந்து முகம்மது சாலியாவும் சுப்பராயலு நாயுடுவும் வந்தார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. இருவரும் சேர்ந்து சிலையைத் தாக்கினார்கள், கைதானார்கள். அணி அணியாக மற்றவர்கள் தொடர்ந்தார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு தலைமை தாங்கினார். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறுமி அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாயோடு அந்தக் குழந்தையையும் சர்க்கார் அடைத்து வைத்தது. சிலைக்கு அவ்வளவு காவல்!

சிலை உடனே விழவில்லை. பத்து ஆண்டு நின்றது. 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் அதை எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மந்திரிசபை எடுத்தது என்று ஏட்டில் இருக்கும். எடுக்க வைத்தவர்கள் சிறைக்குப் போனவர்கள் என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

சென்னையில் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மவுண்ட் ரோடிலும் அது மணியடித்துக்கொண்டு போயிற்று. 1953 ஏப்ரலில், நஷ்டம் என்று சொல்லிக் கம்பெனி டிராமை நிறுத்தியது. லாபம் வந்த காலத்தில் கம்பெனிக்கு. நஷ்டம் வந்தபோது டிரைவருக்கும் கண்டக்டருக்கும்! இந்தக் கணக்கு நம் ஆலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல.

பிறகு 1959இல் அங்கே 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தது. 1973இல் ஜெமினி மேம்பாலம் வந்தது. இப்போது சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. சுரங்கம் தோண்டிய நாளில், 2017 ஏப்ரலில், சாலையே உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் சாலைக்குக் கீழே வேலை செய்தவர்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள். நம் கிராமத்துக் கூலிகள் அறுப்பு இல்லாத மாதங்களில் பட்டணம் போகிறார்களே, அதே கதைதான்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை அந்தச் சாலையில் நடக்கும்போது நாம் தலை குனிந்து ஒதுங்கி நடக்க வேண்டாம். கொடுங்கோலன் சிலையை அந்த இடத்தைவிட்டுப் பெயர்த்தது நம்மைப் போன்ற மக்கள். சாலையைப் போட்டதும் நம்மைப் போன்ற மக்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். கல்லில் இல்லாத பெயர்கள் நம் வாயிலாவது இருக்கட்டும்!