கோப்பிப் பழம் சிவக்கும் காலம்



கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் புசல்லாவை. இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டதும் தேயிலையே யாவர் நினைவுக்கும் வரும். ஆயின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அம்மலைகளைப் போர்த்தியிருந்தது கோப்பியே. வேர்ம்ஸ் சகோதரர்கள் 1841ஆம் ஆண்டளவில் அங்கே திறந்த ரொத்சைல்ட் தோட்டமும் கோப்பித் தோட்டமாகவே தொடங்கிற்று. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் அப்பெருஞ் செல்வத்தை இருபது ஆண்டுகளுக்குள் அழித்துவிட்டது. எனினும் பெருந்தோட்டங்களை விட்டகன்ற கோப்பி, குடியானவரின் வீட்டுத் தோட்டத்தை விட்டு அகலவில்லை.

கண்டி நாட்டு வீட்டுத் தோட்டம் ஒரு சிறு காடு போன்றது. பலாவும் ஆனைக்கொய்யாவும் மேலே நிழல் தரும். மிளகுக்கொடி மரத்தைப் பற்றி ஏறும். வாழைக்கு அருகில் கோப்பிச் செடி நிற்கும். வெள்ளையர் வருமுன்னரே அச்செடி கிராமங்களில் இருந்தது. அக்காலத்தில் அதன் இலையைக் கறிக்கும், மலரை விகாரைப் பூசைக்கும் பயன்படுத்தினரேயன்றிப் பழத்தைப் பொருட்படுத்தினாரல்லர்.

இன்றோ அப்பழத்தை நம்பியே சில குடும்பங்கள் ஆண்டின் கணக்கைப் போடுகின்றன. அக்கணக்குத் தை, மாசி மாத வறட்சியில் தொடங்குகிறது. கணுக்களில் மொட்டுகள் உறங்கிக்கிடக்கும். பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால், ஒரு வாரம் பத்து நாளில் சரிவு முழுவதும் மல்லிகை பூத்தாற்போல வெண்மையாகிவிடும். அந்த மலர்ச்சி இரண்டு மூன்று நாள்களே நிற்கும். மழை தவறினால் மொட்டுக் கருகும். பூத்த வேளையில் அடைமழை பிடித்தால் பூ அழுகும். மழை தவணை தவணையாகப் பெய்தாற் பூவும் தவணை தவணையாகவே பூக்கும். அதன் விளைவு அறுவடையிலேதான் தெரியும்.

வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவமழை. காய் பருக்கும் காலம் இதுவே. களை மண்டும் காலமும் இதுவே. சரிவிலிருந்து மண் கரைந்தோடாதபடி கல்லணை கட்டவும், வடிகான் வெட்டவும் வேண்டும். நிழல்மரத்தின் கிளையைக் கழிக்காவிடில் ஈரம் தேங்கி, அதே பழைய துரு நோய் இலையின் அடியில் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றும். காயைத் துளைக்கும் சிறு வண்டும் உண்டு. உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி அழிப்பதே அதற்குச் சிக்கனமான மருந்து.

ஐப்பசி தொடங்கிப் பழம் சிவக்கும். ஒரே கிளையிற் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்திருக்கும். நான்கைந்து முறை திரும்பத் திரும்பச் சென்று, சிவந்ததை மட்டும் பறித்தல் வேண்டும். அங்கேதான் குடும்பத்தின் சோதனை. தந்தை கூலிக்குப் போயிருப்பார்; தாயும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுமே பறிக்க வேண்டும். குரங்கும் மரநாயும் காத்திருக்கும், கள்வரும் இல்லாமலில்லை. தை பிறக்குமுன் கொப்பியும் காலணியும் வாங்கியாக வேண்டும். ஆகவே, கிளையை ஒரே பிடியில் உருவி, பச்சைக் காயையும் சேர்த்து விற்றுவிடும் எண்ணம் எழுகிறது. அப்படி உருவிய கோப்பிக்கு மணமில்லை, விலையுமில்லை. கைக்கு விரைவில் வந்த பணம், கணக்கிற் குறைந்த பணமாகவே நிற்கும்.

பறித்த பின்னும் தொல்லை தீர்ந்தபாடில்லை. ஐந்தாறு கிலோ பழம் காய்ந்து தோல் நீங்கினாற் கிடைப்பது ஒரு கிலோ கொட்டையே. தோலோடு வெயிலிற் காய இரண்டு மூன்று வாரம் செல்லும். பிற்பகல் மழை தவறாத அந்நாட்களில், முற்றத்துப் படங்கை விரிப்பதும் சுருட்டுவதுமே பாட்டிமாரின் வேலை. ஓரிரவு நனைந்தாற் பூஞ்சணம் பிடிக்கும். 2025 நவம்பரில் ‘திட்வா’ புயல் மலைநாட்டைத் தாக்கியது இந்தப் பழக்காலத்திலேதான். கண்டி மாவட்டச் சரிவுகள் பலவற்றில் மண்ணே பெயர்ந்து போயிற்று. பழம் போனால் மறு ஆண்டு வரும். மண் போனால் வருமா?

1880களின் தொடக்கத்தில் துரு நோயை ஆராய்ந்த ஹாரி மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், ஒரே பயிரை மலை முழுவதும் இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு வழிதிறந்தது என விளக்கினார். பல பயிர் கலந்த வீட்டுத் தோட்டமோ ஒன்று பொய்த்தால் மற்றொன்றினாற் பிழைக்கிறது. கோப்பி ஏமாற்றிய ஆண்டில் மிளகு கைகொடுக்கிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் நாற்றுகளும் ஆலோசனையும் வழங்கி வருகிறது. அவற்றைக் கேட்டுப் பெறுவது குடும்பத்தாரின் கடமையாகும்.

இவ்விடத்தில் ஒன்றை மறத்தல் தகாது. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்து வந்த மக்கள், முதலில் வந்தது இக்கோப்பிப் பழம் பறிக்கவே. வழியில் மாண்டவர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலார்க்கு லயத்து வாசலன்றிச் சொந்தமாக ஒரு செடி நடவும் நிலம் வாய்க்கவில்லை. அண்மைய ஆண்டுகளிற் சிலருக்கு ஏழு பேர்ச் காணியும் வீடும் கிடைத்துள்ளன. அச்சிறு நிலத்தின் வேலியோரத்தில் ஒரு மிளகுக்கொடியும் இரண்டு கோப்பிச் செடியும் நிற்கக் கூடும். பாட்டன் பிறருக்காகப் பறித்த பழத்தைப் பேரன் தன் முற்றத்திற் காயவைக்கும் நாள் பரவலாக வருமாயின், அதுவே புசல்லாவை மலைகளுக்கு நல்ல பருவம் ஆகும்.