நாங்கள் காட்டாமல் விட்ட ரீல்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'நமது திரைப்பட மன்றத்தின் பொற்காலம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பொற்காலமெல்லாம் ஒன்றும் கிடையாது. மாதம் ஒரு படம், ஆளுக்கு இரண்டு ரூபாய் சந்தா, அதிலும் பாதிப் பேர் பாக்கி. நான் அதற்குச் செயலாளர். அந்தப் பதவியில் இருந்தபோது செய்த ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ளத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

1981 ஜனவரியில் இயற்பியல் காலரியில் 'இன்டாலரன்ஸ்' என்ற மௌனப் படத்தைத் திரையிட்டோம். சகிப்பின்மை என்று பொருள். அமெரிக்காவில் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்து 1916-ல் வெளிவந்தது. இங்கே முன்வரிசையில் இருக்கிற சிலருக்கு நினைவிருக்கும். பாதியில் எழுந்து போனவர்கள் கையைத் தூக்க வேண்டாம். (சிரிப்பு)

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் கதை நான்கு. கி.மு. 539-ல் பாரசீக மன்னன் சைரஸிடம் பாபிலோன் வீழ்வது ஒன்று. ஏசுநாதர் சிலுவையில் அறையப்படுவது ஒன்று. 1572-ல் பாரிஸில் புராட்டஸ்டன்ட் மக்களைக் கொன்று குவித்தது ஒன்று. நான்காவது, படம் எடுத்த காலத்து அமெரிக்கா: ஆலை வேலைநிறுத்தம், பிழைக்க நகரத்துக்கு வருகிற ஒரு பையன், ஒரு பெண், செய்யாத கொலைக்கு அவனுக்குத் தூக்குத் தண்டனை.

இவை ஒன்று முடிந்து ஒன்று வருவதில்லை. நமக்குக் கிளைக்கதை புதிதல்ல. பாரதத்தில் நளன் கதை வரும், முடிந்ததும் பாண்டவர் இருக்கிற காட்டுக்கே திரும்பிவிடுவோம். இங்கே அப்படி யாரும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடமாட்டார்கள். பாபிலோன் கோட்டையில் சண்டை நடக்கும், சட்டென்று பாரிஸ். நடுநடுவே ஒரு பெண் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பாள். நிதானமாக மாறிக்கொண்டிருந்த காட்சிகள் போகப்போகத் துண்டு துண்டாகி, கடைசியில் பாபிலோனின் ரதமும் அமெரிக்காவின் ரயிலும் மோட்டார் காரும் ஒரே ரோட்டில் ஓடுகிற மாதிரி ஆகிவிடும்.

காலரியில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். முதல் அரை மணி மரியாதையாகப் போயிற்று. அப்புறம் "தலைவா, கதை எப்ப ஆரம்பிக்கும்?" என்று ஒரு குரல். "நாலு கதை ஆரம்பிச்சிருச்சுடா, எது முடியும்னு கேளு" என்று இன்னொரு குரல். யானைச் சிலைகள் வைத்த பாபிலோன் மண்டபம் வந்ததும் விசில். தொட்டில் வரும்போதெல்லாம் ஒரு கோஷ்டி தாலாட்டுப் பாட ஆரம்பித்தது. பி.காம். மாணவர் ஒருவர் எழுந்து, "இது பூர்வ ஜென்மக் கதை. அந்த பாபிலோன் பொண்ணுதான் பாரிஸ்ல ராஜகுமாரியா பொறந்திருக்கா, மூஞ்சியப் பாருங்க" என்றார். சபையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டேன்.

ப்ரொஜக்டரை ஓட்டியது நான். மொத்தம் ஆறு ரீல். மூன்று முடிந்தபோது பாதி காலரி காலி. விடுதிக் கதவு ஒன்பதரைக்கு மூடிவிடுவார்கள். இவர்களுக்கு இது போதும் என்று நினைத்து நான்காவது ரீலைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ஐந்தாவதை மாட்டினேன். ஒரு கதையாவது குறையட்டும் என்று கணக்கு. ஒவ்வொரு ரீலிலும் நான்கு கதையும் பின்னிக் கிடக்கும்போது ஒரு கதையை மட்டும் எப்படிக் குறைக்க முடியும்? அது அப்போது உறைக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் கோபம். மறுநாள் அறிவிப்புப் பலகையில், 'நல்ல சினிமாவைப் பார்க்கும் பக்குவம் நம் மாணவர்களுக்கு இன்னும் வரவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

ஒரே ஒருவர் கேட்டார். காலரிச் சாவியை வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர் அண்ணன். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். பூட்டிவிட்டு இறங்கும்போது, "ஏன் தம்பி, அந்தப் பையனுக்குத் தூக்குன்னு எப்ப சொன்னாங்க? நான் கண்ணக்கூட மூடலயே" என்றார். "அது இங்கிலீஷ் கார்டுல வந்துச்சுண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தன் மேல்தான் குறை என்று நினைத்துவிட்டார்.

பின்னாளில் இந்தப் படத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1916 செப்டம்பர் 5 அன்று நியூயார்க் லிபர்ட்டி தியேட்டரில் வெளியானது. தொடக்கத்தில் நல்ல கூட்டம். பிறகு குறைந்தது, போட்ட பணம் வரவில்லை. புரியவில்லை என்றவர்கள் உண்டு. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கிவிட்டதால் சமாதானம் பேசுகிற படம் எடுபடவில்லை என்பாரும் உண்டு. கிரிஃபித் மேல் எனக்கு வேறு ஒரு கோபமும் உண்டு. அதற்கு முந்தைய வருடம் கறுப்பின மக்களை இழிவுபடுத்தி ஒரு படம் எடுத்தவர், அதைக் கண்டித்தவர்களையே சகிப்பில்லாதவர்கள் என்றார். அது தனிப் பேச்சு.

விஷயம் இதுதான். 1919-ல் அவரே தன் படத்தை வெட்டினார். பாபிலோன் கதையைத் தனிப் படமாகவும் அமெரிக்கக் கதையைத் தனிப் படமாகவும் வெளியிட்டார். அதற்காக மூல நெகட்டிவிலேயே கை வைத்ததால், முதல் நாள் ஜனங்கள் பார்த்த படம் அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. 1989-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை மீட்டுக்கட்டப் பெரும்பாடு பட்டது. 1923-ல் இந்தப் படத்தைக் கிண்டல் செய்து 'த்ரீ ஏஜஸ்' எடுத்த பஸ்டர் கீட்டன் உஷார் பேர்வழி. ஓடாவிட்டால் மூன்று குட்டிப் படமாகப் பிரித்து விற்கலாம் என்று யோசித்தே எடுத்தாராம்!

அதே படத்தை மாஸ்கோவில் பார்த்த புதோவ்கின் என்ற இளைஞர் சினிமாதான் இனித் தொழில் என்று முடிவு செய்தார். அவர் படித்தது வேதியியல். கெமிஸ்ட்ரிக்காரர்கள் கைதட்டலாம். (கைதட்டல்) அந்த நாட்டிலேயே ஐசன்ஸ்டைன், நான்கு கதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றனவே தவிர ஒன்றாகக் கரையவில்லை, தொட்டில் எடுபடவில்லை என்று பின்னர் எழுதினார். நம் தாலாட்டுக் கோஷ்டியும் அதைத்தானே சொன்னது! அவர் எழுதினால் விமர்சனம், இவர்கள் பாடினால் காலித்தனம் என்று நினைத்தவன் நான்.

அந்த பி.காம். மாணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாபிலோன் மலைப்பெண்ணாகவும் பாரிஸ் இளவரசியாகவும் நடித்தது ஒரே நடிகை, கான்ஸ்டன்ஸ் டால்மட்ஜ். இரண்டாவது வேடத்துக்கு வேறு பெயர் போட்டிருந்தார்கள். நான் பெயரைப் படித்து ஏமாந்தேன், அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். பூர்வ ஜென்மம் தப்பாக இருக்கலாம், கண் தப்பவில்லை. ஐயா, நீங்கள் இந்த அரங்கில் இருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

இன்றைய மாணவர்கள் 'ஆய்த எழுத்து' (2004), 'சூப்பர் டீலக்ஸ்' (2019) எல்லாம் பார்த்தவர்கள். இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். இருக்கலாம்.

விட்டுப்போன அந்த ரீலில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். கோர்ட். பையனுக்கு விசாரணை நடக்கிறது. ஓரத்தில் அவன் மனைவியாக நடித்த மே மார்ஷ். அழக்கூடாது என்று முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொள்கிறாள். பிறகு முகம் இல்லை. கைகள் மட்டும், திரை நிறைய. விரலை விரல் பிசைகிறது. அதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் கார்டு எதுவும் வேண்டாம்.

நாளைக் காலை பத்து மணிக்கு அதே காலரியில் அந்தப் படம். இம்முறை எதுவும் குறையாது. மூன்று மணி நேரம் போல ஓடும். போகிறவர்கள் போகலாம், தாலாட்டும் பாடலாம். அட்டெண்டர் அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது, பேரன் ஸ்கூட்டரில் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான். கடைசி பெஞ்சு அவருக்கு வைத்திருக்கிறோம், தயவுசெய்து யாரும் அதில் உட்கார வேண்டாம்.