பெட்டியை மாற்றும் முன்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில், மெக்கானிக்கல் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது டெக்னிகலாப் பேசுடா, ஆனா சாப்பாட்டு நேரத்தைத் தாண்டாதே" என்று செயலாளர் கட்டளை. ஆகவே பெரிய தத்துவம் எதுவும் இல்லாமல், ஒரு பழைய வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தச்சு வேலை செய்பவர். எழுபதை நெருங்கியவர். அவருடைய 2006-ஆம் வருடத்துப் பிக்கப் வண்டிதான் அவருக்குப் பட்டறை, ஆபீஸ் எல்லாம். ரம்பமும் ஏணியும் அதில்தான் இருக்கும். வண்டி கிளம்பாத நாளில் அவருக்குக் கூலி கிடையாது.

அந்த வண்டிக்கு ஒரு நாள் பேய் பிடித்தது. வெயில் காயும்போது வைப்பர் தானாக ஆடும். கதவைச் சாத்தினாலும் உள்விளக்கு அணையாது. போகிற வழியில் கதவுப் பூட்டு தானே திறந்து மூடும். வெள்ளிக்கிழமை மாலை நிறுத்தினால் திங்கட்கிழமை காலையில் பேட்டரி காலி. ஒரு பட்டறையில், "பாடி கன்ட்ரோல் மாட்யூல் போயிருக்கலாம். இதற்குச் செலவு செய்வதற்குப் பதில் வண்டியை எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார்களாம். மனிதர் முகம் வாடிப்போய் என்னிடம் வந்தார்.

அது என்ன பெட்டி என்று சொல்கிறேன். நாம் படித்த காலத்து வண்டியில் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், ரிலே, விளக்கு என்று வரிசையாக ஒயர் போகும். சுவிட்சைப் போட்டால் கரண்ட் ஓடும், விளக்கு எரியும். பிற்பாடு வந்த வண்டிகளில் சுவிட்ச் வெறும் மனு கொடுக்கிறது, அவ்வளவுதான். "ஐயா, வைப்பர் வேண்டும்" என்று அது கேட்க, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி பார்த்து உத்தரவு போடுகிறது. பூட்டு, உள்விளக்கு, இண்டிகேட்டர், எச்சரிக்கை மணி, பல வண்டிகளில் திருட்டுத் தடுப்பும் அதன் பொறுப்பு. எஞ்சின் கம்ப்யூட்டரோடும் மீட்டர் போர்டோடும் இரண்டொரு ஒயரிலேயே பேசிக்கொள்ளும். அப்படிப் பேசும் 'கேன்' என்ற முறையை பாஷ் நிறுவனம் 1986-ல் டெட்ராய்ட்டில் வெளியிட்டது. இதனால் ஒயர் மூட்டை குறைந்தது உண்மை. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துக் கோளாறுகளுக்கு ஒரே பெட்டி காரணமாகிவிடும் நிலையும் வந்தது.

அதற்காக உடனே பெட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய ஆள். முதலில் பார்க்க வேண்டியது அதற்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகிறதா என்பதை. பேட்டரியைச் சார்ஜ் செய்து ஓய்வில் வைத்துப் பார்த்தேன், 12.6 வோல்ட். சரி. அடுத்தது எர்த். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பாடி இரும்புக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இருந்தது 0.6. மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். எர்த் பட்டை துருவேறிக் கிடந்தது. சுத்தம் செய்து முடுக்கினேன். வோல்டேஜ் சரியாயிற்று. ஆனால் வைப்பர் ஆட்டம் நிற்கவில்லை.

பிறகு கரண்ட் கசிவைப் பார்த்தோம். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் அம்மீட்டரைச் சேர்க்க வேண்டும். இதில் இரண்டு சூட்சுமம். ஒன்று, அம்மீட்டர் இருக்கும்போது யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இரண்டு, வண்டியை நிறுத்தியதும் மாட்யூல்கள் உடனே தூங்காது. அரைமணி, முக்கால் மணி காத்திருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துப் பார்ப்பதென்றால், கதவுத் தாழ்ப்பாளை ஸ்க்ரூடிரைவரால் சாத்திய நிலைக்குத் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதவு திறந்திருப்பதாக நினைத்துத் தூங்கவே தூங்காது.

எல்லாம் தூங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. 60 ஆம்பியர்-அவர் பேட்டரி அந்தக் கணக்கில் 50 நாள் தாங்கும். இங்கே ஓடியது 1.2 ஆம்பியர். கணக்குப் போட்டால் 50 மணி நேரம். வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவே 60 மணி. பேய்க்கு விளக்கம் கிடைத்துவிட்டது!

பெட்டியிலிருந்து வெளியே போகும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கசிவு குறையவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்தால் வெதுவெதுப்பு. தூங்குகிற பெட்டிக்கு ஏன் காய்ச்சல்? பேட்டரியைக் கழற்றிவிட்டு, காற்றுப்பையின் மஞ்சள் கனெக்டர்கள் பக்கம் கை போகாமல் பெட்டியை வெளியே எடுத்தோம். பின்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. கால்மிதிக்குக் கீழே கம்பளத்தைத் தொட்டால் ஈரம். முந்தைய கோடையில் முன்கண்ணாடி மாற்றியிருக்கிறார். மேல் மூலையில் பசை சரியாக ஒட்டவில்லை. மழைத்தண்ணீர் தூண் வழியாக இறங்கி நேராகப் பெட்டிக்கே அபிஷேகம்!

நண்பர்களே, இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். பெட்டி ஏன் செத்தது என்று தெரியாமல் புதுப் பெட்டியை மாட்டினால், அடுத்த மழைக்கு அதுவும் சாகும். முதலில் கண்ணாடியைச் சரிசெய்து, குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்து, கம்பளத்தைக் காயப்போட்டோம். கனெக்டர்களைச் சுத்தம் செய்தோம். அதன் பிறகுதான் பெட்டி.

"பழைய வண்டி உடைக்கும் இடத்தில் மலிவாகக் கிடைக்குமே?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெட்டி வேறொரு வண்டியோடு குடும்பம் நடத்தியது. அந்த வண்டியின் சேஸிஸ் நம்பரும் திருட்டுத் தடுப்புக் குறியீடும் அதன் நினைவில் இருக்கும். சில வண்டிகளில் அதை மாற்றி எழுத முடியும், பலவற்றில் முடியாது. அதனால் பார்ட் நம்பர் பொருத்தம் பார்த்துப் புதியதே வாங்கினோம்.

மாட்டுவது 20 நிமிட வேலை. ஆனால் புதுப் பெட்டி பிறந்த குழந்தை மாதிரி. எந்த வண்டி, பவர் ஜன்னல் உண்டா, பின்பக்க வைப்பர் உண்டா, எதுவும் அதற்குத் தெரியாது. லேப்டாப், 'ஜே2534' இணைப்புக் கருவி, வண்டித் தயாரிப்பாளரிடம் குறுகிய காலச் சந்தா, இவ்வளவும் சேர்ந்தால் சொல்லிக்கொடுத்துவிடலாம். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் பெட்டியே வீணாகும். ஆகவே சீராகக் கொடுக்கும் சார்ஜரை மாட்டியே வைத்திருந்தேன்.

கடைசியாக, எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புதுப் பெட்டியை அறிமுகப்படுத்த வேண்டும். இந்த வண்டியில் அதற்கு வழி காத்திருப்புதான். சாவியைப் போட்டு, செக்யூரிட்டி விளக்கு அணையும்வரை 10 நிமிடம். பிறகு அணைத்து மறுபடி. இப்படி மூன்று முறை. அந்த அரைமணி நேரமும் பெரியவர் பக்கத்து சீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது தடவை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப்போய் ஏணியை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்!

இன்னொரு செய்தி. சில வண்டிகளில் ஓடிய தூரமும் இந்தப் பெட்டியில் இருக்கும். மாற்றும்போது பழைய கணக்கைக் கொண்டுவர முடியாவிட்டால், அமெரிக்கச் சட்டப்படி மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, பழைய தூரத்தையும் தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். பின்னால் வாங்குகிறவன் ஏமாறக் கூடாதல்லவா?

இந்த வேலையைத் தயாரிப்பாளரின் டீலர் மட்டுமே செய்யலாம் என்றிருந்தால் அந்த வண்டி எடைக்குத்தான் போயிருக்கும். மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் ஓட்டுப் போட்டு, பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை ஏற்றார்கள். 2014-ல் தயாரிப்பாளர்கள் நாடு முழுவதற்கும் அதேபோல் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தகவலும் கருவியும் விலைக்காவது வெளியே கிடைப்பது, சின்னப் பட்டறைக்கும் அந்தத் தச்சர் போன்றவர்களுக்கும் சோற்றுப் பிரச்சினை.

இங்கே உட்கார்ந்திருக்கும் இளைய தம்பிகளுக்கு ஒரே வேண்டுகோள். இப்போது நம் ஊர் வண்டிகளிலும் இந்தப் பெட்டி வந்துவிட்டது. ஸ்கேனர் ஒரு கோட் நம்பர் காட்டியதும் "பெட்டி போச்சு சார்" என்று கஸ்டமரிடம் சொல்லிவிடாதீர்கள். முதலில் எர்த்தைப் பாருங்கள், கசிவை அளந்து பாருங்கள், குனிந்து கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு மீட்டரும் கையும் போதும்.

சாம்பார் வாசனை மேடைவரை வந்துவிட்டது.